தோப்பும்படிப் பாலமும் கொச்சியின் நடுக்கள ஆட்டக்காரர்களும்

கொச்சியின் கால்பந்து வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எர்ணாகுளத்து மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் தொடங்கிக் கலூரின் பெரிய அரங்கில் முடித்துவிடுகின்றனர். இரண்டும் காயலுக்குக் கிழக்கே இருப்பவை. ஆட்டம் அங்கே நடந்தது என்பது உண்மையே ஆயினும், ஆட்டக்காரர்களில் கணிசமானோர் காயலுக்கு மேற்கே, மட்டாஞ்சேரியும் கோட்டைக் கொச்சியும் தோப்பும்படியும் பள்ளுருத்தியும் அடங்கிய, மக்கள் நெருக்கம் மிகுந்த அந்தக் கடற்கரைத் துண்டில் பிறந்து, அங்குள்ள திடல்களிலேயே பந்து பழகி, பிறகு வேலைக்காகவும் போட்டிக்காகவும் கிழக்கே போனவர்கள். அவர்கள் போன வழி தோப்பும்படியின் வழியாகவே சென்றது. ஆகவே, ஐரோப்பியப் பெருங்கழகங்களின் நடுக்கள ஆட்டக்காரர் ஒருவரின் தொழில் வாழ்க்கையைப் போன்ற ஒன்று கொச்சியில் எப்படி முளைவிட்டது, ஏன் வேறு வடிவம் கொண்டது என்பதை ஆராய்வதற்கு, அரங்கங்களைவிடத் தோப்பும்படிப் பாலமே பொருத்தமான இடமாகும்.

இப்பாலம் கொச்சித் துறைமுகத்தின் உடன்பிறப்பு. சென்னை மாகாண அரசின் பணியில் 1920-இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, கடல்வாயை அடைத்துக்கிடந்த மணல்திட்டை வெட்டி, காயலின் அடியிலிருந்து தூர்வாரிய மண்ணைக் கொட்டிப் புதிய தீவொன்றை உருவாக்கினார். அப்போது சென்னையில் ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயரே அத்தீவுக்கு இடப்பட்டது. 1928-இல் பெரிய கப்பல் முதன்முறையாக உள்துறைக்குள் நுழைந்தது. தீவைக் கிழக்கே எர்ணாகுளத்தோடு இணைக்க வெண்டுருத்திப் பாலமும், மேற்கே பழைய ஊரோடு இணைக்கத் தோப்பும்படியில் துறைமுகப் பாலமும் அமைந்தன. 1940-களின் தொடக்கத்தைச் சேர்ந்த இந்தத் துறைமுகப் பாலத்தின் நடுப்பகுதி, பாய்மரம் உயர்ந்த வள்ளங்கள் கடந்து செல்வதற்காக மேலே தூக்கப்படும் வகையில் செய்யப்பட்டிருந்தது. அதுவரை மேற்குக் கொச்சிக்காரர் எர்ணாகுளம் செல்லப் படகையே நம்பியிருந்தார். பாலம் வந்தபின் நடந்தோ மிதிவண்டியிலோ பேருந்திலோ போய், மாலை ஆட்டம் முடிந்து இரவுக்குள் வீடு திரும்ப முடிந்தது. கால்பந்து வரலாற்றில் இது சிறிய செய்தியன்று.

பாலத்துக்கு மேற்கே இருந்த நிலம் நிர்வாகத்தால் இரண்டாகக் கிடந்தது. கோட்டைக் கொச்சி, பிரிட்டிஷ் கொச்சி என்ற பெயரில் மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாகாணத்துக்கு உட்பட்டிருந்தது. அதை ஒட்டிய மட்டாஞ்சேரியும் தோப்பும்படியும் கொச்சி மன்னரின் ஆட்சியில் இருந்தன. கோட்டைக்குள் ஆஸ்பின்வால், பியர்ஸ் லெஸ்லி, வோல்கார்ட் போன்ற ஐரோப்பிய வணிக நிறுவனங்களின் அலுவலகங்களும் கிடங்குகளும் இருந்தன. படையினர் அணிவகுப்புப் பழகிய பரேடு மைதானம், படை போன பிறகு பந்துக்கும் ஹாக்கிக்கும் உரியதாயிற்று. அதற்குச் சற்றுத் தெற்கே வெளி மைதானம் இருக்கிறது. 'வெளி' என்ற சொல்லைத் தமிழர் எவரும் அகராதி பார்க்காமலே அறிவர் என்பது ஒருபுறமிருக்க, அம்மைதானத்தின் அருகிலேயே, டச்சுக்காரர் காலத்தில் படையினரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட வண்ணார் சமூகத்தின் வழித்தோன்றல்கள் இன்றும் துணி துவைத்து, கஞ்சி போட்டு, கொடிகளில் முடிச்சின்றி முறுக்குக் கயிற்றிடையே செருகிக் காயவைக்கும் சலவைத்துறையும் இருக்கிறது. துறைமுகம், கிடங்கு, சலவை, மீன்பிடிப்பு ஆகிய உடலுழைப்புத் தொழில்களின் நடுவில்தான் இங்கே பந்து உருண்டது. மட்டாஞ்சேரியின் ஒடுங்கிய தெருக்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இவ்விரு திடல்களும் ஏறத்தாழ அவர்கள் கண்ட ஒரே அகன்ற நிலமாகும்.

இங்கு நடுக்கள ஆட்டக்காரர் என்பவர் யார் என்று விளக்கிக்கொள்வது தேவை. இந்தியாவில் கால்பந்து பரவிய காலத்தில் அணிகள் காப்பாளருக்கு முன்னே இரண்டு பின்கள ஆட்டக்காரர், அவர்களுக்கு முன்னே மூவர், முன்னணியில் ஐவர் என்று நின்றன. அந்த இடை வரிசை மூவரே 'ஹாஃப் பேக்' எனப்பட்டனர். அவர்களுள் நடுவில் நிற்பவர் 'சென்டர் ஹாஃப்'. பின்னர் அவரைப் பின்களத்துக்கு இழுத்து, எதிரணியின் நடு முன்னணி ஆட்டக்காரரை மறிக்கும் மூன்றாம் காவலராக்கினர். இந்திய அணிக்கு அம்முறையை 1950-களில் பழக்கியவர் ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம். 1958-இல் பிரேசில் உலகக் கோப்பையை வென்றபின் நால்வர் பின்னும் இருவர் நடுவிலும் நால்வர் முன்னும் நிற்கும் முறை எங்கும் பரவவே, முன்பு ஐவர் பகிர்ந்துகொண்ட இடைவெளி முழுவதும் இரண்டு ஹாஃப் பேக்குகளின் தலையில் விழுந்தது. எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது, பறித்ததைத் தவறவிடாமல் காப்பது, முன்னே ஓடுபவரின் வேகத்தைக் கணித்துப் பந்தை அனுப்புவது, அனுப்பிய கையோடு மீண்டும் தன் இடத்துக்கு ஓடுவது என்று ஒரே ஆள் நான்கு வேலை செய்ய வேண்டியிருந்தது. கோல் அடித்தவர் பெயர் மறுநாள் நாளிதழில் வரும். ஹாஃப் பேக்கின் பெயர் அணிப் பட்டியலோடு நின்றுவிடும். நடுக்களத்தாரைப் பற்றி எழுத ஆவணங்கள் குறைவாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

கேரளத்தில் பேர்பெற்ற 'செவன்ஸ்' ஆட்டம், அதாவது அறுவடை முடிந்த வயலிலும் சிறு திடலிலும் பணம் கட்டி அணிக்கு எழுவராக ஆடும் ஆட்டம், இத்திறனை வளர்த்ததா கெடுத்ததா என்பது பழைய வழக்கு. சிறிய திடலில் நடுக்களம் என்று தனியே ஒன்று இருப்பதில்லை. பந்து காலுக்கு வந்த மறுநொடி இலக்கு எதிரே நிற்கும். நெருக்கத்தில் பந்தை ஆளும் திறமையைச் செவன்ஸ் கொடுத்திருக்கலாம். தொலைவைக் கணிக்கும் கண்ணை அது கொடுத்திருக்க முடியாது. அந்தக் கண் பதினொருவர் ஆடும் முழுத் திடலில், ஒரே கூட்டாளிகளோடு பல ஆண்டுகள் ஆடியே வரும். கொச்சியில் அதற்கான வாய்ப்பைக் கொடுத்தவை கழகங்கள் அல்ல, தொழிற்சாலைகள்.

எர்ணாகுளத்துக்கு வடக்கே ஏலூர், களமச்சேரி, ஆலுவா வட்டாரம் சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஆலைப் பகுதியாக மாறியது. 1943-இல் தொடங்கப்பட்ட ஃபாக்ட் உர நிறுவனமும், பின்னர் களமச்சேரியில் எழுந்த பிரீமியர் டயர்ஸ் ஆலையும் தமக்கெனக் கால்பந்து அணிகளை வைத்திருந்தன. இவை 'கம்பெனி டீம்' என்று வழங்கின. ஆட்டக்காரர் அந்நிறுவனத்தின் ஊழியராகச் சேர்க்கப்படுவார். அவருக்கு மாதச் சம்பளம், வருங்கால வைப்புநிதி, ஓய்வுபெறும் வயதுவரை வேலை ஆகிய அனைத்தும் உண்டு. பணி நேரத்தின் ஒரு பகுதி பயிற்சிக்குப் போகும். ஆடும் வயது கடந்தபின் அவர் மேசைக்கோ எந்திரத்துக்கோ திரும்புவார். சட்டத்தின் கண்ணில் அவர் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லர். ஆனால் பந்தாடத் தெரிந்ததால் மட்டுமே கிடைத்த சம்பளத்தில் ஒரு குடும்பம் நடந்தது என்றால், அதைத் தொழில் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? சென்னையில் ஐ.சி.எஃப் போன்ற நிறுவன அணிகளையும், பெங்களூரின் பொதுத்துறை ஆலைகளின் அணிகளையும் கண்டவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. கொச்சியில் இதன் தனித்தன்மை, ஆட்களை ஈந்த கரையும் சம்பளம் கொடுத்த கரையும் வெவ்வேறாக இருந்ததேயாகும். மேற்குக் கொச்சி இளைஞர் பரேடு மைதானத்தில் கண்ணில் பட்டு, பாலம் கடந்து, தீவு கடந்து, எர்ணாகுளம் தாண்டிக் களமச்சேரி சென்று கையெழுத்திட்டார்.

இவ்வழியில் சென்றவர்களுள் முதன்மையாகக் குறிக்கத்தக்கவர் டி.ஏ. ஜாஃபர். கோட்டைக் கொச்சியின் யங்ஸ்டர்ஸ் கழகத்தில் ஆடத் தொடங்கிய இவர், 1960-களில் ஃபாக்ட் அணியிலும், அதன்பின் பிரீமியர் டயர்ஸ் அணியிலும் ஆடி, கேரள மாநில அணியின் நடுக்களத்தில் நிலைபெற்றார். ஒரு கழகம், இரண்டு நிறுவனங்கள், ஒரு மாநில அணி: இவ்வளவே அவருடைய ஆட்ட வாழ்வின் வரைபடம், அது முழுவதையும் ஒரு நகரப் பேருந்துச் சீட்டில் சுற்றிவந்துவிடலாம். எனினும் கேரளக் கால்பந்தின் திருப்புமுனை ஆட்டத்தில் அணியின் துணைத் தலைவராக நின்றவர் அவர்.

மாநிலங்களுக்கிடையிலான தேசியப் போட்டியான சந்தோஷ் கோப்பை 1941-இல் தொடங்கியது. வங்காளமும் பிற பெரிய அணிகளும் அதை மாற்றி மாற்றி எடுத்துச் சென்ற காலத்தில், 1956-இல் பிறந்த கேரளம் பதினேழு ஆண்டுகள் வெறுங்கையோடு திரும்பியது. 1973-இல் போட்டி எர்ணாகுளத்திலேயே நடந்தது. அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த, 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடிய சைமன் சுந்தரராஜ்; தலைவர், ஃபாக்ட் நிறுவனத்தின் டி.கே.எஸ். மணி. டிசம்பர் 27 அன்று மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் கேரளம் ரயில்வே அணியை 3-2 என்ற கணக்கில் வென்றது. மூன்று கோல்களையும் மணியே அடித்தார். அடுத்த நாளை அரசு பொது விடுமுறையாக அறிவித்தது. அன்று முதல் இறக்கும்வரை அவர் 'கேப்டன் மணி' என்றே அழைக்கப்பட்டார். அவருக்குப் பின்னே, ஜாஃபரும் கோழிக்கோட்டைச் சேர்ந்த பிரசன்னனும் நடுக்களத்தைத் தாங்கினர். பள்ளிப்பிள்ளைகளுக்கும் தெரிந்த அந்த மூன்று கோல்களின் கதையில் இவ்விருவர் பெயரையும் சேர்த்துச் சொல்பவர் அரிது.

அந்த அணியின் வலிமை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, தனிமனிதத் திறமை என்ற வழக்கமான விடை போதாது. 1973-இன் ஆட்டக்காரர்களில் பலர் ஃபாக்டிலும் பிரீமியர் டயர்ஸிலும் நாள்தோறும் சேர்ந்தோ எதிர்த்தோ ஆடியவர்கள். ஒருவர் இடது காலில் பந்தை எடுத்தால் மற்றவர் எந்தப் பக்கம் ஓடுவார் என்பது அவர்களுக்குப் பல ஆண்டுப் பழக்கம். முன்னணி ஆட்டக்காரர் தன் வேகத்தை எந்த அணிக்கும் கொண்டுபோய்விடலாம். நடுக்களத்தாரின் முதலோ உடனாடுபவரைப் பற்றிய அறிவு, அதை மூட்டை கட்டி எடுத்துச் செல்ல இயலாது. வேலை நிரந்தரமாக இருந்ததால் அணி கலையவில்லை; அணி கலையாததால் நடுக்களம் விளைந்தது. தொழிற்சங்கம் போராடிப் பெற்ற பணிப்பாதுகாப்பு, யாரும் திட்டமிடாமலே, ஹாஃப் பேக்கின் கலைக்கும் பாதுகாப்பாயிற்று எனலாம். இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பெரும்பணம் கொல்கத்தாவில் இருந்தது. வேலையை விட்டு அங்கே போகத் துணிந்தவர்கள் சிலரே, அச்சிலரும் பெரும்பாலும் முன்னணி ஆட்டக்காரர்கள். அதே 1973 அணியின் சேவியர் பயஸ் பின்னாளில் அந்நகரின் மோகன் பகான் கழகத்துக்குச் சென்று புகழ்பெற்றார். ஜாஃபர் கொச்சியிலேயே இருந்தார்.

இருந்தவர் பயிற்சியாளரானார். 1992-இல் கோயம்புத்தூரில் நடந்த சந்தோஷ் கோப்பையில் வி.பி. சத்யன் தலைமையிலான கேரளம் கோவாவை 3-0 என்று வென்றபோதும், 1993-இல் கொச்சியிலேயே குரிகேஷ் மாத்யூ தலைமையில் மகாராஷ்டிரத்தை வென்று கோப்பையைத் தக்கவைத்தபோதும் பயிற்சியாளர் ஜாஃபரே. ஆனால் அந்த அணிகளுக்கு முதுகெலும்பாக இருந்தவை ஆலைகள் அல்ல. 1990-இலும் 1991-இலும் ஃபெடரேஷன் கோப்பையை வென்ற கேரளக் காவல்துறை அணி அவ்விடத்துக்கு வந்துவிட்டது. ஆலைகள் நலிந்தன, அணிகளை வைத்துக்கொள்ளும் வசதியும் ஆர்வமும் நிர்வாகங்களுக்குக் குறைந்தன, களமச்சேரி டயர் ஆலை 1995-இல் அப்பல்லோ நிறுவனத்தின் குத்தகைக்குச் சென்றது. ஆட்டக்காரருக்கு வேலை கொடுக்கும் இடம் ஆலையிலிருந்து காவல்துறைக்கு மாறியது, வேலை நிரந்தரம் என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை.

ஐரோப்பாவில் இதே தொழில் எப்படி நடந்தது என்பதை ஒப்பிட, இந்திய வேர்கொண்ட ஒருவரின் வாழ்வே கிடைக்கிறது. 1973-இல், அதாவது கேரளம் முதன்முறை வென்ற அதே ஆண்டில், பிரான்சின் துறைமுக நகரான லெ ஆவ்ருக்கு அருகே ஆர்ஃப்ளர் என்ற ஊரில் பிறந்த விகாஷ் தொராசு, ஆந்திரத்திலிருந்து மொரீசியஸ் தீவுக்குக் குடிபெயர்ந்த தெலுங்கர் வழியில் வந்தவர். லெ ஆவ்ர் கழகத்தில் தொடங்கி, 1998-இல் லியோனுக்குச் சென்று, இடையே ஓராண்டு போர்தோவுக்கு இரவலாக அனுப்பப்பட்டு, மீண்டும் லியோனில் 2003, 2004 ஆகிய ஆண்டுகளின் பிரெஞ்சு லீக் பட்டங்களில் பங்குபெற்றார். அதன்பின் ஓராண்டு இத்தாலியின் ஏ.சி. மிலான், பிறகு பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன். 2006-ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கோப்பை இறுதியில் மார்செய்யை 2-1 என்று பாரிஸ் வென்றபோது வெற்றி கோல் இவருடையது. அதே ஆண்டு உலகக் கோப்பைக்குச் சென்ற பிரெஞ்சு அணியில் இடம்பெற்று, இரண்டு ஆட்டங்களில் இறுதி நிமிடங்களில் மட்டுமே களமிறக்கப்பட்டார். காத்திருந்த நாள்களைத் தாமே ஒளிப்பதிவுக் கருவியில் பதிவுசெய்ய, அது 'சப்ஸ்டிட்யூட்' என்ற திரைப்படமாயிற்று. அந்த அக்டோபரில் கழகம் அவரைப் பணிநீக்கம் செய்தது. அடுத்து ஒப்பந்தமான லிவோர்னோவில் ஓர் ஆட்டமும் ஆடாமல், 2008-இன் தொடக்கத்தில் ஓய்வுபெற்றார்.

'இரவல்' என்பது, ஒரு கழகம் தன் ஒப்பந்தத்தில் உள்ள ஆட்டக்காரரைக் குறிப்பிட்ட காலத்துக்கு மற்றொரு கழகத்துக்கு விட்டுக்கொடுக்கும் வழக்கம். ஃபாக்டின் உர மூட்டையைக்கூட அவ்வாறு யாரும் இரவல் கொடுத்ததில்லை என்று கொச்சியின் பழைய ஊழியர் நகைக்கக்கூடும். தொராசு பெற்ற ஊதியமும் புகழும் ஜாஃபரின் தலைமுறைக்குக் கனவிலும் எட்டாதவை. தொராசுவுக்கு இல்லாமற்போனதோ முப்பத்தைந்தாம் வயதுக்குப் பிறகும் காத்திருக்கும் மேசை. இந்தியக் குடியுரிமையோடு ஐரோப்பாவின் முன்னணி லீக்குகளில் நிலைபெற்ற நடுக்கள ஆட்டக்காரர் என்று காட்டுவதற்கு இன்றுவரை எவரும் இல்லை. 1936-இலேயே கொல்கத்தாவின் முகமது சலீம் கிளாஸ்கோவின் செல்டிக் கழகத்துக்காகச் சோதனை ஆட்டங்களில், காலணியின்றிக் கட்டுத்துணி சுற்றிய காலோடு ஆடி வியக்கவைத்தார் என்றாலும், அவர் ஓரத்தில் ஓடும் 'விங்' ஆட்டக்காரர். வீட்டு நினைவு மேலிட, விரைவிலேயே ஊர் திரும்பியும்விட்டார்.

ஐரோப்பிய முறையை இந்தியாவில் முதலில் முயன்றுபார்த்த நகரங்களுள் கொச்சியும் ஒன்று என்பது பலர் மறந்த செய்தி. தேசிய லீக் தொடங்கியதை ஒட்டி 1997-இல் உருவான எஃப்.சி. கொச்சின், நிறுவன ஊழியர்களைக் கொண்டல்லாமல் ஒப்பந்த ஆட்டக்காரர்களைக் கொண்டு அமைந்த, நாட்டின் முதல் தொழில்முறைக் கழகமாகக் குறிக்கப்படுவது. ஐ.எம். விஜயனும், களத்தின் எந்த இடத்திலும் ஆடவல்ல ஜோ பால் அஞ்சேரியும், பெங்களூரைச் சேர்ந்த நடுக்கள ஆட்டக்காரர் கார்ல்டன் சாப்மனும் அதில் சேர்ந்தனர். அவ்வாண்டே டூரண்ட் கோப்பையின் இறுதியில் மோகன் பகானை 3-1 என்று வென்று, அக்கோப்பையைப் பெற்ற முதல் கேரளக் கழகமாயிற்று. சாப்மன் ஓராண்டில் கொல்கத்தா திரும்பினார். பணநெருக்கடி முற்றி, 2002-இல் கழகம் மூடப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் அது சேர்த்த பெயர்கள் பல. ஒரு நடுக்களம் ஒருங்கே பழுப்பதற்கு ஐந்து ஆண்டுகளும் ஒரே ஆட்களும் வேண்டும், அதுதான் அங்கே வாய்க்கவில்லை. தொழில்முறை என்ற சொல்லைக் கேட்டு வேலையை விட்டவர்களைவிட, காவல்துறைச் சீருடையைக் கழற்றாதவர்களே அறிவாளிகள் என்று கொச்சி அப்போது முடிவுகட்டியது. கட்டியதில் தவறும் இல்லை.

பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின், 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது போக்குவரத்தின் திசை மாறிப்போயிருந்தது. கொச்சியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போக முடியாத நடுக்கள ஆட்டக்காரர், ஐரோப்பாவிலிருந்து கொச்சிக்கு வந்தார். கேரள பிளாஸ்டர்ஸ் அணியின் முதல் பருவத்தில் ஆடிய ஸ்காட்லாந்தின் ஸ்டீஃபன் பியர்சன், செல்டிக் கழகத்தில் ஆடியவர். 2007-இல் வெம்பிளி அரங்கில் வெஸ்ட் பிரோம்விச் அணிக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோலே டெர்பி கழகத்தை இங்கிலாந்தின் முதல்நிலை லீக்குக்கு உயர்த்தியது. சென்னை ரசிகர்களுக்கு அவரை மறப்பது கடினம். அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கொச்சியில் 3-0 என்று தோற்ற சென்னையின் எஃப்.சி., நேரு அரங்கில் மூன்று கோல்களையும் திருப்பிக் கொடுத்து ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்கு இழுத்தது. பியர்சன் 117-ஆம் நிமிடத்தில் அடித்த கோல், கேரளத்தை இறுதிக்கு அனுப்பியது. அவரைப் போன்றோர் பெரும்பாலும் முப்பதைக் கடந்தவர்கள், ஒரு பருவத்துக்கு வந்து மறுபருவம் வேறு ஊர் போனவர்கள். மஞ்சள் சட்டை அணிந்த ஆயிரக்கணக்கானோர், ஒவ்வொரு பருவமும் புதிய நடுக்களத்தின் பெயர்களை மனப்பாடம் செய்யவேண்டியிருந்தது.

இதற்கு நேர்மாறாக, ஐரோப்பியக் கழகங்களுக்குப் போகும் வழியிலிருந்த நடுக்களத்தாரைக் கொச்சி பார்த்தது 2017 அக்டோபரில். பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையின் ஆட்டங்கள் கலூரில் நடந்தன. அதற்கான பயிற்சித் திடல்களாகக் கிழக்கே மகாராஜாஸ் கல்லூரியும் பனம்பிள்ளி நகரும், மேற்கே பரேடு மைதானமும் வெளி மைதானமும் செப்பனிடப்பட்டன. மேற்குக் கொச்சியின் புழுதித் திடல்கள் பசும்புல் கண்டது அப்போதுதான். அக்டோபர் 7 அன்று பிரேசில் ஸ்பெயினை 2-1 என்று வென்றது. பிரேசிலின் நடுக்களத்தில் ஆடிய மார்கோஸ் அந்தோனியோ, அங்கேயே ஹோண்டுராஸுக்கு எதிராக ஒரு கோல் அடித்து, பின்னாளில் உக்ரைனின் ஷக்தார், இத்தாலியின் லாசியோ ஆகிய கழகங்களுக்குச் சென்றார். ஸ்பெயினின் செர்ஹியோ கோமெஸ், காலிறுதியில் ஈரானுக்கு எதிராகத் தொலைவிலிருந்து உதைத்த பந்து வலைக்குள் வளைந்து விழுந்தது. பார்சிலோனாவின் பயிற்சிப்பள்ளியில் இருந்த அவர் அடுத்த மூன்று மாதத்தில் ஜெர்மனியின் டார்ட்முண்ட் கழகத்துக்கு விற்கப்பட்டார். அங்கிருந்து ஆண்டர்லெக்ட், மான்செஸ்டர் சிட்டி, ரியல் சோசியடாட் என்று அவர் பாதை நீள்கிறது. இருபத்தைந்து வயதுக்குள் நான்கு நாடுகளின் கால்பந்தில் கால் பதிக்கும் இத்தகைய வாழ்க்கைக்கும், பரேடு மைதானத்துக்கும் களமச்சேரிக்கும் இடையே முடிந்த வாழ்க்கைக்கும் பொதுவாக இருப்பது களத்தில் நிற்கும் இடம் ஒன்றே.

தோப்பும்படியில் இப்போது பாலங்கள் இரண்டு. 2000-களின் தொடக்கத்தில், தனியார் நிறுவனம் கட்டிச் சுங்கம் வசூலித்துப் பின் அரசிடம் ஒப்படைக்கும் முறையில் எழுந்த அகன்ற பாலத்தை ஊரார் அம்முறையின் ஆங்கில எழுத்துச் சுருக்கத்தாலேயே 'பி.ஓ.டி. பாலம்' என்கின்றனர். அதன் அருகே பழைய துறைமுகப் பாலம் நிற்கிறது. சிறு வண்டிகள் மட்டும் அதில் போகின்றன. நடுப்பகுதி நெடுங்காலமாக மேலெழுவதில்லை. கீழே மீன்பிடித் துறைமுகத்தின் விசைப்படகுகளும் ஏலக் குரல்களும். காலையில் பிள்ளைகள் பரேடு மைதானத்தில் கட்டணப் பயிற்சி முகாம்களின் வண்ணச் சட்டைகளில் ஓடுகின்றனர். பயிற்சி முடிந்து கையெழுத்திடக் களமச்சேரியில் இப்போது கம்பெனி அணி இல்லை. முதல் சந்தோஷ் கோப்பை வெற்றியின் பொன்விழா வந்த 2023 டிசம்பர் மாதத்திலேயே டி.ஏ. ஜாஃபர் காலமானார்.